தடிஞ்சுட் முதல் பொங்கல் வரை: யாருக்கு எந்த வாழ்த்து?

கயிற்றுமணி (யாங்கோன்)
28 செப்டம்பர் 2025, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். யாங்கோனில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மொத்தம் பதினான்கு பேர். பண்டிகைக்குப் பண்டிகை வாழ்த்து எழுதி வைபர் குழுவில் போடுவதும், வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவதும் இந்த வருஷத்திலிருந்து என் பொறுப்பு. அக்டோபர் 6 தடிஞ்சுட் பௌர்ணமி (பர்மிய பௌத்தர்களின் விளக்குத் திருநாள்), 20 தீபாவளி, டிசம்பரில் கிறிஸ்துமஸ், அதை ஒட்டி கரேன் இன மக்களின் புத்தாண்டு, தையில் பொங்கல், பிப்ரவரியில் நோன்பு ஆரம்பம். வரிசையாக வருகின்றன.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஏப்ரலில் ஒரு தப்பு செய்துவிட்டேன். 17-ம் தேதி பர்மியப் புத்தாண்டு. பிடாவுக் பூ படம் போட்டு எல்லோருக்கும் வாழ்த்து அனுப்பினேன். மறுநாள் புனித வெள்ளி என்று நாட்காட்டியில் இருந்தது. அதே மஞ்சள் பூப்படத்தில் எழுத்தை மட்டும் மாற்றி, "இனிய புனித வெள்ளி வாழ்த்துகள்" என்று எங்கள் கணக்குப் பிரிவு அக்காவுக்கு அனுப்பினேன். அவர் பார்த்தது தெரிந்தது, பதில் வரவில்லை. திஞ்சான் என்கிற அந்தப் புத்தாண்டு விடுமுறை முடிந்து வந்தவர், "அதை ஞாயிற்றுக்கிழமை அனுப்பியிருக்கலாமே தங்கச்சி" என்றார். அவ்வளவுதான். கோபப்படவில்லை. ஆனால் அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்கள் தெருவில் எதிர்க் கட்டடம் வேறு, தினமும் பார்க்கிற முகம்.

முதலாளி சொல்கிறார்: "வம்பே வேண்டாம், பண்டிகைக் கால வாழ்த்துகள் என்று பொதுவாக ஒன்று எழுதி வைத்துக்கொள். அக்டோபர் முதல் ஜனவரி வரை அதையே போடு." அப்படிச் செய்யலாமா, அல்லது ஒவ்வொருவருக்கும் தனியாகத்தான் எழுத வேண்டுமா?

---

பெகோ வாசி
28 செப்டம்பர், இரவு 10:02

உங்கள் முதலாளி சொல்வதுதான் சரி. தனித்தனியாக அனுப்ப வேண்டும் என்றால் முதலில் யார் என்ன மதம் என்று ஒரு பட்டியல் போட வேண்டும். நம் அடையாள அட்டையிலேயே இனம், மதம் என்று ஒரு வரி இருக்கிறது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அதை நீட்டுகிறோம். வேலை செய்கிற இடத்திலும் இன்னொரு பட்டியலா? எனக்கு அது பிடிக்கவில்லை. பொதுவாக ஒன்று அனுப்பினால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

---

லெந்து நாட்கள் (யாங்கோன்)
28 செப்டம்பர், இரவு 11:20

தங்கச்சி, முதலில் உங்கள் கூச்சத்தை விட்டுவிடுங்கள். புனித வெள்ளி வாழ்த்து எனக்கும் வருஷா வருஷம் பத்துப் பேரிடமிருந்து வருகிறது. அனுப்புகிறவர்களின் பிரியம் எனக்குத் தெரியும்.

ஆனாலும் அந்த நாள் எங்களுக்கு எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். அது இயேசு சிலுவையில் உயிர்விட்ட நாள். மதியம் பன்னிரண்டு மணிக்கு உள்ளே போனால் மூன்று மணி வரை ஆராதனை. அவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவார்கள். என் அம்மா அன்று வெள்ளைச் சேலைதான் கட்டுவார், காலையிலிருந்து தண்ணீரைத் தவிர எதுவும் தொடமாட்டார். ஆராதனை முடிந்து கஞ்சி. ஒரு வீட்டில் துக்கம் நடக்கும்போது வாசலில் பூக்கூடையோடு வந்து "இனிய நாளாகட்டும்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அந்த அக்காவுக்குச் சிரிக்கவும் முடிந்திருக்காது, திட்டவும் மனம் வந்திருக்காது.

அவர் சொன்ன ஞாயிறு, ஈஸ்டர். உயிர்த்தெழுந்த திருநாள். கத்தோலிக்கர்கள் உயிர்ப்புப் பெருவிழா என்பார்கள். அன்று விடியற்காலை ஆராதனைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்திருக்கும்போது உங்கள் செய்தி வந்திருந்தால் அவர் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்!

நவம்பர் 2-ம் தேதியும் அப்படித்தான், கத்தோலிக்கர்களுக்குக் கல்லறைத் திருநாள். திருநாள் என்ற சொல்லைப் பார்த்து வாழ்த்து அனுப்பிவிடாதீர்கள். அன்று கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, போனவர்களுக்காக வேண்டுவார்கள். "யாருடைய கல்லறைக்குப் போகிறீர்கள்?" என்று கேட்டீர்கள் என்றால் அவர்கள் அப்பாவைப் பற்றியோ பாட்டியைப் பற்றியோ ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

இன்னொன்று. டிசம்பர் 31 ராத்திரி எங்களுக்கு ஆராதனை உண்டு, ஆளுக்கொரு வாக்குத்தத்த வசனம் எடுப்போம். அதனால் ஜனவரி 1-ம் எங்களுக்குக் கோயில் சம்பந்தப்பட்ட நாள்தான். "இந்த வருஷம் என்ன வசனம் வந்தது?" என்று ஒரு இந்துத் தோழி என்னிடம் கேட்பார். ஆயிரம் வாழ்த்து அட்டைக்குச் சமம் அது.

---

மோல்மேன் பெரியவர்
29 செப்டம்பர், காலை 6:40

வணக்கம் பிள்ளைகளே. எனக்கு எழுபத்தாறு வயது. பழைய வழக்கத்தைச் சொல்கிறேன்.

தடிஞ்சுட்டுக்கு வாயால் சொல்லும் வாழ்த்தைவிட, பெரியவர்கள் வீட்டுக்கு நேரில் போவதுதான் வாழ்த்து. பிக்குகள் மழைக்காலத்தில் மடத்திலேயே தங்கும் மூன்று மாத வா காலம் முடிகிற பௌர்ணமி அது. புத்தர் தேவலோகத்தில் தன் தாய்க்கு அபிதம்மம் போதித்துவிட்டுப் பூமிக்கு இறங்கி வந்தார், அவருக்கு வழிகாட்ட விளக்கேற்றினார்கள் என்பது நம்பிக்கை. அதனால்தான் மூன்று நாளும் தெருவெல்லாம் விளக்கு. அந்த நாட்களில் சின்னவர்கள் பெரியவர்களிடமும், மாணவர்கள் வாத்தியாரிடமும் போய்க் கடோ செய்வார்கள். பழம், மெழுகுவர்த்தி, ஒரு லுங்கி, ஏதாவது கையில் இருக்கும். மண்டியிட்டு மூன்று முறை கும்பிட்டு, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுக்கச் சொல்வார்கள். பெரியவர், "ச்சான்மா பாசே, ச்சான்தா பாசே" என்று சொல்லி ஆசீர்வதிப்பார். உடம்பு நன்றாக இருக்கட்டும், வளமாக இருக்கட்டும் என்று அர்த்தம். நான் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்த மில்லில் பர்மிய மேஸ்திரிக்கு வருஷா வருஷம் கடோ செய்தேன். அவர் போன பிறகு அவர் மனைவிக்கும் செய்தேன். தீபாவளிக்கு அப்பா காலில் விழுவதும் இதுவும் எனக்கு ஒன்றாகத்தான் படும்.

ஆகவே மகளே, பௌத்தரான மேலதிகாரி இருந்தால் படம் அனுப்புவதோடு நிறுத்தாதே. போய் நில்.

ஒன்று கவனித்திருக்கிறேன். நம் பழைய வாழ்த்தெல்லாம் கேள்வியாகத்தான் இருக்கும். பொங்கல் அன்று யாரும் "இனிய பொங்கல் வாழ்த்து" என்று சொன்னதில்லை, "பால் பொங்குச்சா?" என்றுதான் கேட்போம். "பொங்குச்சு" என்று பதில் வரும். தீபாவளிக்கு "எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சாச்சா?" ஐயர் வீடுகளில் "கங்கா ஸ்நானம் ஆச்சா?" பர்மியர் தெருவில் பார்த்தால் "தமின் சா பீ பீலா?" என்பார். சாப்பிட்டாச்சா என்று நாம் கேட்கிற அதே கேள்வி. "இனிய... வாழ்த்துகள்" என்பது அச்சு அட்டையோடு வந்த பழக்கம். கேட்பதில் என்ன நல்லது என்றால், எதிரே இருப்பவர் பேசியாக வேண்டும். துக்க நாளா, சந்தோஷ நாளா என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

---

டான்பௌக் பாய் (யாங்கோன்)
29 செப்டம்பர், மதியம் 1:15

பெரியவர் சொன்னதைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. எங்களிடமும் அப்படித்தான். நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டு அம்மா, "சஹருக்கு எழுந்தீங்களா பாய், இன்னைக்கு நோன்பு எப்படிப் போகுது?" என்று கேட்பார். சஹர் என்பது விடியுமுன் சாப்பிடும் சாப்பாடு. வாழ்த்து அட்டை எதுவும் அவர் கொடுத்ததில்லை. எனக்கு அந்த விசாரிப்பே போதும்.

கயிற்றுமணி தங்கச்சிக்குச் சில விஷயங்கள். ரமலான் என்பது மாதம், பெருநாள் என்பது அது முடிந்து வரும் நாள். மாதம் தொடங்கும்போது "ரமலான் முபாரக்" என்று சொல்லலாம், முடிவில் "நோன்புப் பெருநாள் வாழ்த்துகள்" அல்லது "ஈத் முபாரக்". அதற்குப் பிறகு இரண்டு மாதம், சில நாட்கள் கழித்து ஹஜ்ஜுப் பெருநாள், இங்கே அரசு விடுமுறை உள்ள நாள். எங்கள் மாதம் பிறைக் கணக்கு, அதனால் ஒவ்வொரு வருஷமும் சுமார் 11 நாள் முன்னால் வரும். போன வருஷத் தேதியைப் பார்த்து முன்கூட்டியே செய்தியைத் தயார் செய்து நேரம் வைத்துவிடாதீர்கள். பிறை தெரிந்ததா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். பிறை தெரியாமல் நாங்கள் முப்பதாவது நோன்பு வைத்திருக்கும் காலையில், "பெருநாள் பிரியாணி ரெடியா பாய்?" என்று செய்தி வரும்போது கொஞ்சம் சங்கடம்.

மொஹரத்துக்கும் யோசித்து அனுப்புங்கள். அது எங்கள் வருஷத்தின் முதல் மாதம்தான். ஆனால் பத்தாம் நாள் கர்பலாவில் நபிகளின் பேரர் இமாம் ஹுசைன் ஷஹீதான, அதாவது உயிர்த்தியாகம் செய்த நாள். சுன்னிகளில் பலர் அன்று நோன்பு வைப்போம். ஷியாக்களுக்கு அது கண்ணீர் விடும் நாள். 30-ம் தெரு மொகல் பள்ளிவாசல் பக்கம் இருக்கும் நண்பருக்கு "இனிய மொஹரம்" என்று அனுப்பினால் புனித வெள்ளிக் கதைதான் ஆகும்.

கடோ பற்றியும் ஒன்று. நாங்கள் மனிதர் முன்னால் தலை தாழ்த்தி விழுவதில்லை. என் பர்மிய முதலாளியம்மாவுக்கு நான் பழக்கூடை கொண்டுபோய், இரண்டு கையாலும் கொடுத்து, நின்றபடி மரியாதை சொல்வேன். அவரும் முதல் வருஷமே புரிந்துகொண்டு, "மண்டியிட வேண்டாம், உட்காருங்கள்" என்று நாற்காலி போட்டார். அந்த நாற்காலிதான் எனக்கு அவர் சொன்ன வாழ்த்து.

---

வாழ்த்தா வாழ்த்துக்கா
29 செப்டம்பர், மாலை 4:48

நடுவில் ஒரு சந்தேகம். "வாழ்த்துகள்" என்று எழுதுவதா, "வாழ்த்துக்கள்" என்று எழுதுவதா? குழுவில் போடும்போது தப்பாகிவிடக் கூடாது.

---

மோல்மேன் பெரியவர்
29 செப்டம்பர், மாலை 5:30

எழுத்து, எழுத்துகள் என்பது போல வாழ்த்து, வாழ்த்துகள். க் இல்லாமல் எழுதுவதே நல்லது. க் போட்டு எழுதுவதும் பத்திரிகைகளில் நிறைய வருகிறது, அதற்காக யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டாம்.

---

பெகோ வாசி
29 செப்டம்பர், இரவு 8:05

எல்லோரும் அழகாகச் சொல்கிறீர்கள், ஆனால் என் கேள்விக்குப் பதில் வரவில்லை. பதினான்கு பேரில் யாருக்கு எது என்று எப்படி முடிவு செய்வது? என் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போவார், பௌர்ணமிக்குப் பகோடாவுக்குப் போய்த் தான் பிறந்த கிழமைக்குரிய மூலையில் தண்ணீர் ஊற்றுவார். பூஜை அறையில் முருகனுக்குப் பக்கத்தில் புத்தர். தம்பி ஒரு கரேன் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறான், தீபாவளிக்கு வேட்டி கட்டுகிறான். எங்கள் வீட்டுக்கு எந்தப் படத்தை அனுப்புவீர்கள்? பட்டியலில் எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? அடுத்தவர் வைத்த கட்டத்தில் உட்கார வேண்டியிருப்பதுதான் எனக்கு வலிக்கிறது.

---

லெந்து நாட்கள்
29 செப்டம்பர், இரவு 9:37

அண்ணே, நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் அதற்கு மருந்து பொது வாழ்த்து இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டுக்கு ஒரு வாழ்த்துப் போதாது, நாலும் வேண்டும். தடிஞ்சுட்டுக்கும் அனுப்பலாம், தீபாவளிக்கும் அனுப்பலாம், கிறிஸ்துமஸுக்கும் அனுப்பலாம்.

பட்டியல் தேவையே இல்லை. அந்தந்தப் பண்டிகைக்கு, அந்தப் பண்டிகையின் பெயரைச் சொல்லியே குழுவில் எல்லோருக்கும் போடுங்கள். கொண்டாடுகிறவருக்கு வாழ்த்து, மற்றவர்களுக்கு "இன்று நம்மோடு இருப்பவர்களின் பண்டிகை" என்ற செய்தி. யாரையும் பிரித்து வைத்ததாக ஆகாது. "பண்டிகைக் கால வாழ்த்துகள்" என்று வந்தால் எனக்கு அது கிறிஸ்துமஸா, தீபாவளியா, ஆண்டு முடிவுத் தள்ளுபடியா என்றே தெரியாது. என் பண்டிகையின் பெயரைச் சொல்லக் கூசுகிறார்களோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றும்.

---

பெகோ வாசி
29 செப்டம்பர், இரவு 10:11

எல்லோருக்கும் எல்லாம் என்றால் சரி. அதை ஒத்துக்கொள்கிறேன். தனியாக ஆள் பார்த்து அனுப்புவது மட்டும் நெருங்கிப் பழகினவர்களோடு இருக்கட்டும்.

---

ஐராவதிக் கரை (மாண்டலே)
30 செப்டம்பர், இரவு 11:50

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். எழுதுவதா வேண்டாமா என்று இருந்தது.

இந்த வருஷம் மார்ச் 28 வெள்ளிக்கிழமை. நோன்பு மாதத்தின் கடைசி வெள்ளி. மதியம் ஜும்மா நேரத்தில் பூமி அதிர்ந்தது. எங்கள் ஊரிலும் சகாயிங்கிலும் பள்ளிவாசல்கள் தொழுதுகொண்டிருந்தவர்கள் மேலேயே இடிந்து விழுந்தன. பகோடாக்களும் மடங்களும் விழுந்தன. நாங்கள் சாலையோரம் பாய் விரித்துப் படுத்திருந்தோம். சில நாளில் பெருநாள் வந்தது. எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெரியம்மா தன் மகனை அந்தத் தொழுகையில் இழந்தவர். ஒவ்வொரு பெருநாளுக்கும் எங்கள் வீட்டுக்கு அவர் வட்டலப்பம் அனுப்புவார். இந்த முறை நான் அவர் முன்னால் போய் நின்றேன், "ஈத் முபாரக்" என்று வாய் வரவில்லை. கையில் ஒரு தூக்குச்சட்டி ரசம் சாதம். "சாப்பிட்டீங்களா பெரியம்மா?" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

அன்று நான் செய்தது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை. பெருநாளை நான் கண்டுகொள்ளவில்லை என்று நினைத்திருப்பாரோ? பாய் அண்ணன் சொல்ல வேண்டும்.

---

டான்பௌக் பாய்
1 அக்டோபர், காலை 7:20

தங்கச்சி, நீங்கள் செய்தது சரி. சந்தேகமே வேண்டாம். எங்கள் மார்க்கத்தில் மரணம் நடந்த வீட்டில் அடுப்பு மூட்ட முடியாமல் இருப்பார்கள் என்று அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொடுப்பது வழக்கம். நீங்கள் கொண்டுபோனது அதுதான். அந்தப் பெருநாளுக்கு நாங்களும் ஒருவரையொருவர் பார்த்து முபாரக் சொல்லவில்லை. தோளோடு தோள் சேர்த்துக்கொண்டோம், "அல்லாஹ் பொறுமையைத் தரட்டும்" என்று சொன்னோம்.

அடுத்த பெருநாள் வரும்போது முன்கூட்டியே ஒரு முறை போய்ப் பாருங்கள். முதல் வருஷப் பெருநாள்தான் கடினம். வட்டலப்பம் இந்த முறை உங்கள் வீட்டிலிருந்து போகட்டும்.

---

வியாசர்பாடி பர்மா வீடு (சென்னை)
1 அக்டோபர், மாலை 6:02

என் தாத்தா 1964-க்குப் பிறகு கப்பலில் வந்தவர். இங்கே வந்த பிறகும் சித்திரை முதல் தேதி அன்று எங்கள் வீட்டில் வேப்பம்பூ பச்சடியோடு மொன்லோன் யேபோவும் இருக்கும். பசைமாவு உருண்டைக்குள் கருப்பட்டி, ஒன்றிரண்டில் மட்டும் மிளகாய். திஞ்சானும் தமிழ்ப் புத்தாண்டும் அடுத்தடுத்து வருவதால் அங்கே இரண்டையும் சேர்த்தே கொண்டாடினோம் என்பார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அந்த உருண்டையைக் கொடுத்துவிட்டு, மிளகாய் யாருக்கு வந்தது என்று விசாரிப்பார். பெரியவர் சொன்ன கேள்வி வாழ்த்து இதுதான் என்று இப்போது புரிகிறது.

---

கயிற்றுமணி
4 அக்டோபர், இரவு 8:30

எல்லோருக்கும் நன்றி. முதலாளியிடம் பேசினேன். ஒவ்வொரு பண்டிகைக்கும் அதன் பெயரைச் சொல்லியே குழுவில் போடலாம் என்று ஒத்துக்கொண்டார். புனித வெள்ளி, கல்லறைத் திருநாள், மொஹரம் பத்து மூன்றுக்கும் வாழ்த்து இல்லை. அன்று விடுப்போ சீக்கிரம் கிளம்புவதோ வேண்டுமா என்று முதல் நாளே கேட்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறேன்.

தடிஞ்சுட்டுக்கு எழுதியது இது, பர்மிய மொழியிலும் தமிழிலும்: "வா காலம் முடிகிறது. இந்த மூன்று மாதம் எங்கள் பிழைகளைப் பொறுத்துக்கொண்ட பெரியவர்களுக்கு வணக்கம். விளக்கு பார்க்க யார் யார் எங்கே போகிறீர்கள்?"

கடைசி வரியைப் பெரியவருக்காகச் சேர்த்தேன்.

---

மோல்மேன் பெரியவர்
5 அக்டோபர், காலை 6:15

நன்றாக இருக்கிறது மகளே. ச்சான்மா பாசே.

---

கயிற்றுமணி
20 அக்டோபர், இரவு 9:45

குழுவில் போட்ட கேள்விக்குப் பதினோரு பேர் பதில் எழுதினார்கள். இதுவரை எந்த வாழ்த்துக்கும் இரண்டு பேருக்கு மேல் எழுதியதில்லை. ஓட்டுநர் அண்ணன் தன் மகள் கையில் விளக்கோடு நிற்கும் படம் போட்டார்.

இன்று தீபாவளி. காலையில் முறுக்கும் அதிரசமும் ஒரு பையில் போட்டுக்கொண்டு எதிர்க் கட்டடத்துக்குப் போனேன். கணக்குப் பிரிவு அக்கா ஐந்தாவது மாடி, லிஃப்ட் கிடையாது. படியேறத்தான் நினைத்தேன். அதற்குள் அவர் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு, பேப்பர்காரருக்கு விடும் கயிற்றைக் கீழே இறக்கினார். நுனிக் கிளிப்பில் பையை மாட்டிவிட்டுக் கயிற்றை இழுத்தேன், மேலே மணி அடித்தது. பை ஆடி ஆடி மேலே போனது. அதை எடுத்துக்கொண்டு கம்பியில் சாய்ந்தபடி, தெருவே கேட்கும்படி அக்கா கூப்பிட்டார்:

"தங்கச்சி, எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சாச்சா?"

குளிச்சாச்சு அக்கா என்றேன்.